மழை மலைக்கு அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம்



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஆனி மாதம் கூடலூரிலும் கம்பத்திலும் வானம் எப்படி இருக்கும்? மேகம் ஓடும், காற்று வீசும், எப்போதாவது சாரல் முகத்தை நனைக்கும். மண் நனையாது. ஆனால் லோயர் கேம்ப் பக்கம் போய்ப் பாருங்க. ஆற்றில் தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும். அதை நம்பித்தான் நீங்க நாற்றங்காலில் விதை தெளிக்கிறீங்க. இங்கே மழையே இல்லையே, அந்தத் தண்ணீர் எங்கே மழையாப் பெஞ்சது?

"இது தெரியாதாக்கும், பெரியாத்துத் தண்ணி"ன்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சரிதான். ஆனால் குமுளிக்கு மேலே கொட்டுகிற மழை, கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம்ம பள்ளத்தாக்குக்கு மட்டும் ஏன் இறங்கி வருவதில்லை? இதற்குப் பதில் தேடினால் இந்தியாவின் பூகோளம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் மலைக்குப் பழுப்பு, ஆற்றுக்கு நீலம்னு வண்ணம் அடிச்சதோட பூகோளத்தை விட்டுவிட்டோம். உண்மையில் உங்க தண்ணீரும், காய்க்குக் கிடைக்கிற விலையும், வேலைக்கு வருகிற ஆளும் அதற்குள்ளேதான் அடங்கியிருக்கு.

முதலில் மழையைப் பார்ப்போம்.

இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது மூடியின் உட்புறத்தைக் கவனிச்சிருப்பீங்க. ஆவி மேலே போய், குளிர்ந்த மூடியில் பட்டு, தண்ணீராகச் சொட்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் இதே கதைதான். அரபிக் கடலில் ஈரத்தைச் சுமந்துகொண்டு, சுமார் ஜூன் 1-ல் கேரளக் கரையில் ஏறுகிறது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. தபதி ஆற்றுப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிறது. காற்று அதைத் தாண்டணும்னா மேலே ஏறணும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடும். பீர்மேட்டில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கொட்டி முடித்த காற்று மலை உச்சியைக் கடந்து நம்ம பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகும், சூடாக ஆக இன்னும் உலர்ந்துபோகும். நமக்கு வந்து சேருவது பிழிஞ்சு போட்ட துணி. தேனி மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டு முழுவதற்கும் 800 மில்லிமீட்டர் சொச்சம்தான்.

அந்தக் காற்று சும்மாவும் வராது. ஆடியில் குலை தள்ளின வாழையைச் சாய்ப்பதும் அதுதான், வாய்க்கால் தண்ணீரை உறிஞ்சுவதும் அதுதான். முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கம்பு வாங்குகிற செலவைப் பூகோளத்தின் பேரில்தான் எழுதணும். அதே காற்றைக் கொண்டு ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைக்காரர்கள் மின்சாரம் எடுக்கிறார்கள், அது வேறு விஷயம்.

இது நமக்கு மட்டும் நடக்கிற வஞ்சனை இல்லை. மராட்டியத்தில் மகாபலேஸ்வரம் மலை மேலே இருக்கு, ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்குக் கிழக்கே இருக்கிற புனே நகரத்துக்கு 700 சொச்சம். வடகிழக்கே மேகாலயாவில் மௌசின்ராம் என்கிற ஊரில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, உலகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே மலையில் பின்பக்கம் தள்ளி இருக்கிற ஷில்லாங்குக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் வருகிறது.

"அப்போ மலை இருந்தால் மழை உண்டு"ன்னு முடிவு கட்டிவிடாதீங்க. ராஜஸ்தானத்தில் ஆரவல்லி மலை நீளமாகக் கிடக்கு. ஆனால் அரபிக் கடல் காற்று வருகிற திசையிலேயே அதுவும் படுத்திருக்கு. காற்று ஒரு வழிப்போக்கன் மாதிரி மலையை ஒட்டி நடந்து போய்விடுகிறது. ஏறினால்தானே கொட்டும்? மேற்கே ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் கணக்கு. மலை காற்றுக்குக் குறுக்கே நிற்கணும், அதுதான் முக்கியம்.

இந்தக் கணக்கை நம்ம பள்ளத்தாக்கிலேயே வச்சுப் பாருங்க. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். தெற்கே கூடலூரில் குறுகி, வடகிழக்கே தேனிப் பக்கம் வாய் திறந்த பை மாதிரி கிடக்கு நம்ம நிலம். தென்மேற்குக் காற்றுக்குப் பையின் அடிப்பக்கம் மூடிக் கிடக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருகிற வடகிழக்குக் காற்றுக்கோ வாய் திறந்திருக்கு. அதனால்தான் நம்ம மானாவாரிக்கும் கிணற்றுக்கும் ஐப்பசி மழையே கதி. 2018 ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் மூழ்கியது, பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது. நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்நாட்டுக்குள் வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு கடல்களும் நம்மைத் தொட்டுவிட்டுப் போயின.

மலையைத் துளைத்த கதை

இப்போது தண்ணீருக்கு வருவோம். பெரியாறு சிவகிரி மலைப்பக்கம் பிறந்து 244 கிலோமீட்டர் மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிற ஆறு. வைகை நம்ம வருசநாட்டு மலையில் பிறந்து கிழக்கே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் போகிற ஆறு. இரண்டும் பிறந்த இடங்கள் பக்கம் பக்கம். நடுவில் ஒரு மலை முதுகு. ஒன்றில் தண்ணீர் மிச்சம், மற்றொன்றில் மணல்தான் மிச்சம்.

1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. பாட்டன், பூட்டன் வாயால் கேள்விப்பட்டிருப்பீங்க. அதற்கு முன்பே பேசப்பட்டு வந்த திட்டம்தான், ஆனால் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. 1886-ல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். 1887-ல் வேலை தொடங்கியது, 1895-ல் தண்ணீர் திறந்தது. கர்னல் பென்னிகுவிக் செய்தது அணை கட்டியது மட்டுமில்லை. மேற்கே ஓடுகிற ஆற்றைத் தடுத்து நிறுத்தி, மலையைச் சுமார் ஒரு மைல் குடைந்து, அதைக் கிழக்கே திருப்பிவிட்டார். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் கட்டுமானப் பொருள். குடைந்தவர்களும் கல் சுமந்தவர்களும் காய்ச்சலிலும் காலராவிலும் நிறையப் பேர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். தை மாதம் பிறந்தால் பாலார்பட்டியில் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தக் கூலிக்காரர்களுக்கும் அதில் ஒரு கை அரிசி சேரும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதே மேற்கு மலையில் நேர்மாறாகவும் நடந்திருக்கு. மராட்டியத்தில் கொய்னா என்கிற ஆறு கிழக்கே ஓடுவது. அதை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, மேற்கே செங்குத்தாக இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். எடுத்த பிறகு தண்ணீர் அரபிக் கடலுக்குப் போகிறது. மழை மறைவில் இருக்கிற கிழக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய தண்ணீர், மழை கொட்டுகிற மேற்குப் பக்கம் போகுது. அங்கே மின்சாரம் முதல், நமக்கு வயல் முதல். நமக்கு மின்சாரமும் லோயர் கேம்ப்பில் கிடைக்குது, தண்ணீரும் கெடாமல் வயலுக்கு வருது. இரட்டை லாபம்.

வடக்கே போனால் கதையே மாறிவிடும். பஞ்சாபில் ஓடுகிற சட்லெஜ், பியாஸ் ஆறுகளுக்கு இமயமலைப் பனி ஒரு சேமிப்புக் கணக்கு. நமக்கு அணை வற்றிக் கிடக்கிற சித்திரை, வைகாசியில் அங்கே பனி உருகி ஆறு ஏறும். அந்தத் தண்ணீரைத்தான் ஹரிகே அணைக்கட்டிலிருந்து இந்திரா காந்தி கால்வாய் வழியாகத் தார் பாலைவனம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். நம்ம மலையில் பனி உருக வழியில்லை. பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. பஞ்சாப் விவசாயி பேசுவதைக் கேட்டு அப்படியே பயிர்த்திட்டம் போட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அணைக் கணக்கைப் படிக்கிற விதம்

பேப்பரில் தினமும் போடுகிறார்கள், "முல்லைப் பெரியாறு நீர்மட்டம் இத்தனை அடி"ன்னு. அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் நாம் பேசுகிற பேச்சில் பாதி தவறு. அணையில் 112 அடி இருக்குன்னா 112 அடியும் நமக்கு இல்லை. சுரங்க வாய் 104 அடியில் இருக்கு. அதற்குக் கீழே கிடக்கிற தண்ணீர் நம்ம பக்கம் வராது. ஆக 112-ன்னா நம்ம கணக்கு 8 அடிதான். அதிலும் முதல் பங்கு குடிநீருக்கு.

இன்னொன்று, எல்லா அடியும் ஒரே அளவு இல்லை. நம்ம கண்மாய் மாதிரிதான், அடியில் குறுகல், மேலே விரிவு. 110-லிருந்து 111 ஏறுவதை விட 140-லிருந்து 141 ஏறும்போது கூடுதல் தண்ணீர் சேரும். முழுக் கொள்ளளவு 152 அடி. 1979-ல் பாதுகாப்புப் பணிக்காக 136 அடியாகக் குறைத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-லும், மறுபடி 2014-லும் தீர்ப்புச் சொன்னது. மேல்பக்கத்து அடிகளுக்காக ஏன் இவ்வளவு வழக்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கண்மாய்க் கணக்கைச் சொல்லுங்க. அணைக்குக் கீழே குடியிருக்கிற கேரளத்து ஜனங்களுக்குப் பயம் இருக்கு, அவர்களும் விவசாயிகள்தான். அந்தப் பயத்தைக் கேலி பண்ணாமலே நம்ம தேவையைச் சொல்ல முடியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரில் நடக்குது. முதல் போகத்துக்கு ஜூன் 1-ல் திறப்பது வழக்கம். மழை ஏமாற்றிய ஆண்டுகளில் தள்ளிப்போனதும் உண்டு. திறப்பு அறிவிப்பு வருமுன் கிணற்றுத் தண்ணீரை வைத்து நாற்று விட்டவர்கள், நாற்று முற்றிப்போய்க் கஷ்டப்படுவதை நீங்களே பார்த்திருப்பீங்க. அதனால் நாற்றங்கால் போடுமுன் உங்க தலைக்கு மேலே இருக்கிற மேகத்தைப் பார்க்காதீங்க. தேக்கடியிலும் பெரியாறு நீர்ப்பிடிப்பிலும் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, அணைக்கு வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, இந்த இரண்டையும் ஒரு வாரம் தொடர்ந்து பாருங்க. ஒருநாள் மழையைப் பார்த்து ஏமாறக்கூடாது. காய்ந்து கிடந்த காடு முதல் மழையைத் தானே குடித்துவிடும், அணைக்கு விடாது.

அதிக மழை பெய்கிற இடத்தில்தான் விவசாயம் செழிக்கும் என்பதும் இல்லை. ஜார்க்கண்டு மாநிலத்தில் நம்மைவிட நல்ல மழை, ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவில். ஆனால் மேட்டு நிலம், பாறை, தேக்கி வைக்கிற வசதி குறைவு. மழைக்காலத்தில் ஒரு நெல் எடுத்ததும் பல கிராமங்களில் வயல் சும்மா கிடக்கும். ஆட்கள் வேலை தேடி வெளியூர் ரயில் ஏறுவார்கள். 800 சொச்சம் மில்லிமீட்டர் பெறும் நாம் இரண்டு போகம் நெல் எடுக்கிறோம்.

பூமியின் சாய்வு திராட்சைக்கும் தெரியும்

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் என்றால் என்ன? இந்த மண்ணும் இந்த வானமும் சேர்ந்துதான் இந்தப் பழம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம்.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வருஷத்தில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் நமக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வித்தியாசம். காஷ்மீரில் ஸ்ரீநகரில் அது நாலு மணி நேரத்தைத் தாண்டும். அங்கே குளிர்காலத்தில் திராட்சைக் கொடி இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். நாசிக்கில் இரண்டு தடவை கவாத்துப் பண்ணுவார்கள், ஆனால் காய் ஒரே தடவைதான். ஏப்ரல் கவாத்து கொடியைத் தயார்படுத்த, அக்டோபர் கவாத்து காய்க்கு. நம்ம ஊரில் கொடி தூங்குவதே இல்லை. கவாத்துப் பண்ணின நாலு மாதத்தில் பழம்.

இதில்தான் காசு இருக்கு. நாசிக் பழம் வண்டி வண்டியாகச் சந்தைக்கு வருவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அவர்களால் மாதத்தை மாற்ற முடியாது, குளிர் விடாது. நம்மால் முடியும். எல்லாரும் ஒரே வாரத்தில் கத்தரியைத் தூக்காமல், பக்கத்துத் தோட்டக்காரரோடு கலந்து பேசி முன்னே பின்னே கவாத்துப் பண்ணினால், சுருளிப்பட்டிப் பழமும் கூடலூர்ப் பழமும் ஒன்றுக்கொன்று விலையை அடித்துக்கொள்ளாது. ஆனால் பழுக்கிற நேரம் ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கணும். வெடிப்பும் நோயும் வந்தால் புவிசார் குறியீடு காப்பாற்றாது.

மலை ஏறும் ஜனம், மலை இறங்கும் காய்

ஈரமான நாடும் காய்ந்த நாடும் நம்ம ஊரில் அரைமணிப் பயணத்தில் சந்திக்கின்றன. அதனால் ஜனங்களும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். விடியும் முன்பே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகளில் பெண்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். அரிசி, காய்கறி, பால் எல்லாம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மேலே போகிறது. அங்கே விளைகிற ஏலக்காய் கீழே போடிக்கு இறங்கி, தரம் பிரித்து, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் விலையாகி, வடநாட்டுத் தேநீருக்கும் இனிப்புக்கும் போகிறது. ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் உயரமும் வேணும், ஏலம் போடுகிற வியாபாரத்துக்கு உலர்ந்த கிட்டங்கியும் ரோடும் வேணும். செடி மேலே நின்றதும் சந்தை கீழே வந்ததும் இதனால்தான். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயிலும் 2023 ஜூனில் திரும்ப ஓட ஆரம்பித்தது.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரியாக மாநில எல்லை போட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்துவிட்டன. கோடு மாறினாலும் நடை மாறவில்லை. நம்ம பள்ளத்தாக்கே ஒரு சின்ன இந்தியாதான். வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற குடும்பம், தெலுங்கு பேசுகிற குடும்பம், மலையாளம் கலந்து பேசுகிற கடைக்காரர், இவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே மலையில் வாழ்கிற பளியர். மாட்டுப் பொங்கலன்று கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் நின்று கேட்டால் எத்தனை பேச்சு காதில் விழுதுன்னு எண்ணிப் பாருங்க. வடக்கே இருந்து மாடுகளைப் பத்திக்கொண்டு புல்லும் தண்ணியும் தேடி வந்தோம் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு.

அந்த நடை இன்றைக்கும் நிற்கவில்லை. முன்னே சொன்ன ஜார்க்கண்டு ஆட்கள், அசாம், வங்காளம், ஒடிசா ஆட்கள் இப்போது இடுக்கி ஏலத்தோட்டங்களில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்க்கிறார்கள். நம்ம பெண்களின் கூலிப் பேச்சுவார்த்தையில் இனி அவர்களும் ஒரு கட்சி. அவர்கள் ஊரில் மழை நன்றாகப் பெய்து நடவு தொடங்கிவிட்டால் கொஞ்சப் பேர் ஊர் திரும்புவார்கள், இங்கே ஆள் தட்டுப்படும். எங்கேயோ பெய்கிற மழை உங்க களையெடுப்புக் கூலியைத் தொடும் வழி இதுதான். விலைக்கும் இப்படித்தான். உலகத்தில் ஏலக்காய் அதிகம் விளைவிக்கும் நாடு மத்திய அமெரிக்காவில் இருக்கிற குவாத்தமாலா. அங்கே விளைச்சல் கூடினால் போடியில் விலை இறங்கும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு செடி அழுகி வரத்துக் குறைந்து, 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் ஏலம் போனது. அந்த விலையைப் பார்த்து மறு வருஷம் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை உங்களில் பலர் எனக்கே சொல்லுவீங்க.

ஆகவே வீட்டில் ஒரு பழைய நோட்டு எடுத்துக்குங்க. பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்க. முதலில் தேக்கடி மழை, அடுத்து அணை மட்டத்தில் 104-ஐக் கழித்த மிச்சம், மூன்றாவது உங்க ஊரில் பெய்த மழை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தினமும் எழுதிவிடும். இரண்டு வருஷம் எழுதினால், மேலே மழை பிடித்து எத்தனையாவது நாள் அணை ஏறத் தொடங்குகிறது, எத்தனை அடியில் மதகைத் திறக்கிறார்கள் என்பது உங்க கையிலேயே இருக்கும். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முதல் போகத்துக்கு விதை நெல்லை ஊற வையுங்க.